அரைப் பரலில் தேசிமரம்

யூலை 4, வெள்ளி

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வறள வறள. காலையிலிருந்தே உதடு வெடித்துக் கிடந்தது.

ஜும்ஆ முடிந்து வந்தால் வீட்டு முன்வளவில் என் செடிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. மேசன்மார் இருவர் இன்டர்லொக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேரோடு கிளப்பிய இரும்பு அலவாங்கு மதிலில் சாத்தியிருந்தது. பக்கத்தில், உச்சி வெயிலில், ஒரு குவியல்:

தேசிமரம் (மூன்று வயது. போன நோன்புக்குத்தான் முதல் எலுமிச்சங்காய். சர்பத்துக்குப் பிழிந்தோம்.)
செவ்வரத்தை இரண்டு
கறிவேப்பிலை
ரோசா மூன்று

வேரில் மண் இல்லை. குளிப்பாட்டி எடுத்த மாதிரி.

"யார்ரா புடுங்கச் சொன்ன?"

"வீட்டுக்காரங்கதான் சொன்ன காக்கா."

வீட்டுக்காரன் நான். இல்லை, நான் இல்லை. மறந்துபோனேன். மகளின் கலியாணத்தோடு வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பேருக்குப் போய்விட்டது.

மருமகன் பர்ஸான் வாசலுக்கு வந்தார். (இனி ம.ம. முழுப் பெயரை எழுத இன்று கை வராது.) "நான்தான் மாமா சொன்ன. மழைக்கு வாசல் சேறாகுது எண்டு." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மழை! மாரியில் வரப்போகிற மழைக்கு யூலையில் கல்!

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏசத் தொடங்கினேன். பாதியில் சாரம் அவிழ்ந்தது. மிச்சத்தை ஒரு கையால் ஏசினேன்.

வாளி தேடிப் பின்னால் ஓடினால், பழைய பெயின்ட் வாளி ஆறும் கழுவி அடுக்கியிருந்தது. என் மனிசியின் வேலை. தண்ணீர் நிரப்புகிற நீலப் பிளாஸ்டிக் பரலைக்கூடப் பாதியாக அறுப்பித்து வைத்திருந்தாள். இந்த வீட்டில் அவள் ஒருத்தியாவது என் பக்கம். தேசியை அரைப் பரலில் வைத்தேன், மற்றவற்றை வாளிகளில். "பின்வளவுல வைங்க, எடம் இரிக்கி" என்றாள். வைத்தேன்.

பின்வளவில் எனக்கும் மனிசிக்கும் என்று கட்டிய இரண்டு அறை வீடு இருக்கிறது. மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் பெற்றவர்கள் ஒதுங்க வேண்டும். ஊர் வழக்கம். நானே நாலு பேருக்குப் புத்தி சொன்னவன். மனிசி கலியாணம் முடிந்த வாரமே சட்டி பானையோடு போய்விட்டாள். நான் மட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று சொல்லி, மகள் வீட்டு முன் விறாந்தையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஏழெட்டு மாசமாகக் கிடக்கிறேன்.

இன்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்: தேசி செத்தால் நான் பின்வீட்டுக்கு வரமாட்டேன். மௌத்தாகிற நாள் வரை விறாந்தைதான். வல்லாஹி என்று சத்தியம் பண்ணவில்லை. நல்ல காலம்.

யூலை 5, சனி

காற்று நிற்கவில்லை. இலையெல்லாம் தொங்கல், நனைந்த துணி மாதிரி.

நாங்கள் நெல்லை எறிந்து விதைக்கிற ஆட்கள். பிடுங்கி நடுகிற பழக்கம் எங்கள் வயலில் இல்லை, வாப்பாவுக்கும் தெரியாது. பிடுங்கி நட்ட ஒன்றை எப்படிப் பார்ப்பது? தெரிந்ததைச் செய்தேன். தண்ணீர் கட்டினேன், வயலுக்குக் கட்டுகிற மாதிரி. வாளியில் ஓட்டை இல்லாதது வசதி என்று வேறு நினைத்தேன். சிறுபோகத்துக்கு வாங்கி மிஞ்சிய யூரியா கிடந்தது. வாளிக்கு ஒரு பிடி. தேசிக்கு இரண்டு. பாசம்.

ம.ம. எட்டிப் பார்த்தார். "மாமா, இப்ப யூரியா போடாம விட்டா நல்லமோ தெரியா..."

"வயல்ல எறங்கி இரிக்கீங்களா மகன்?"

மகன் என்ற சொல்லையும் யூரியா மாதிரியே வீசினேன். அவர் கந்தோர் உத்தியோகம். உள்ளே போய்விட்டார்.

யூலை 7, திங்கள்

கறிவேப்பிலை கருகிவிட்டது. ரோசாவில் இரண்டு முடிந்தது. தேசியின் இலை ஓரமெல்லாம் மண்ணிறம். வாளித் தண்ணீரில் நுளம்பு, இரவெல்லாம் கடி. வெறும் நுளம்பு வளர்க்கத்தான் எனக்குப் படிப்பு போதும்போல.

வாசலில் கல் பதித்து முடித்துவிட்டார்கள். மினுங்குகிறது. காலால் உதைத்துப் பார்த்தேன். பெருவிரல் வீக்கம்.

இரவுச் சாப்பாடு முன்வீட்டில். மகள் றிஸ்னா இடியப்பம் வைத்தாள். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "கல்லு நல்லாத்தான் இரிக்கி. கல்லுக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்தத் தேவல்ல."

ம.ம. எழும்பிக் கையைக் கழுவினார். தட்டில் இடியப்பம் அப்படியே.

"வாப்பா, அவர் ஒண்டும்..." என்று மகள் தொடங்கினாள்.

"றிஸ்னா, சொதிய எடு" என்றாள் மனிசி.

சொதி மேசையில், மனிசியின் கைக்குக் கிட்டத்தான் இருந்தது.

யூலை 8, செவ்வாய்

ம.ம. கந்தோர் விட்டு வீட்டுக்கு வரவில்லை. மருதமுனையில், உம்மா வீட்டில். உம்மாவுக்குச் சுகமில்லை என்று மகளுக்கு மெசேஜ். அந்த உம்மாவை நேற்றுத்தான் சந்தையில் கண்டேன். பாரைக்குட்டி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தா. பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டது. ஒரு சுகக்கேடும் இல்லை.

மகள் கண் வீங்கிப் போய்த் திரிகிறாள். என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் கதைக்கிறாள்.

ஒரு வருடம் ஆகாத மாப்பிள்ளை தாய் வீட்டில் படுத்தால் ஊர் சும்மா இருக்குமா? கோபம் நியாயம்தான் என்று எனக்கு இன்னும் படுகிறது. ஆனால் இடியப்பம் செரிக்கவில்லை, நேற்றிலிருந்து.

யூலை 9, புதன்

வயலுக்குப் போனேன். திரும்பும்போது வீரமுனையில் செடி விற்கிற பெண்ணிடம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். தேசி இலை ஒன்று சட்டைப்பையில். டொக்டரிடம் காட்டுகிற மாதிரிக் காட்டினேன்.

"என்ன காக்கா போட்ட நீங்க?"

"யூரியா."

"எவ்வளவு?"

"ரெண்டு பிடி."

"காய்ச்சக்காரனுக்குப் புரியாணி குடுத்திருக்கீங்க" என்று சிரித்தாள். "வேரு அறுந்து கிடக்கு. அதால குடிக்கவே ஏலா. நீங்க ஊத்திக்கிட்டே இருந்தா?"

அவள் சொன்னது, மறக்காமல்:

வாளிக்கு அடியில் ஓட்டை. நல்ல தண்ணீர் ஊற்றி யூரியாவை வழிந்தோடக் கழுவ வேணும். திரும்பப் பிடுங்கி நடக்கூடாது. இலை, கொப்பு பாதி வெட்ட வேணும். நிழல், கச்சான் படாத பக்கம். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் விடிய. தளிர் வரும் வரை யூரியா, பசளை எல்லாம் ஹராம் (இது என் சொல்). ஆட்டி இழுத்துப் பார்க்கக்கூடாது. "கரைச்சல் குடுக்காம விடுங்க காக்கா. அதுவா எழும்பும், எழும்பாட்டி போகும்."

வீட்டுக்கு வந்து ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். வெளியே வந்த தண்ணீரின் நாற்றம்! மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு கொப்பைப் பிடித்தாள், நான் வெட்டினேன். ஒவ்வொரு கொப்புக்கும் ம.ம.வை ஒரு தரம் ஏசினேன். நாலாவது கொப்பில் அவள் கையை எடுத்தாள்.

"அந்தப் புள்ளைய ஏசாதீங்க. நான்தான் புடுங்கச் சொன்ன."

கத்தரிக்கோல் என் கையில் திறந்தபடி.

"என்ன?"

"மரத்தச் சாட்டித்தானே விறாந்தையில கிடக்கீங்க. புதுசாக் கலியாணம் முடிச்சதுகள் ஒரு தேத்தண்ணி குடிக்க வெளிய வாறதுக்கும் ஒங்கட கொறட்டையத் தாண்டி வரணும். எத்தின தரம் சொன்ன நான்? ஒங்கள அலவாங்கால கிளப்ப ஏலா. மரத்தக் கிளப்பின."

"அப்ப அவரு?"

"மழ வரட்டும் மாமி, இப்ப கச்சான் எண்டுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல்ல. மாமா கேட்டா நீங்கதான் புடுங்கச் சொன்ன எண்டு சொல்லுங்க எண்டன். புதுமாப்பிள்ளைய ஏச மாட்டீங்க எண்டு நெனச்சன்." கொப்பைத் திரும்பப் பிடித்தாள். "மிச்சத்த வெட்டுங்க."

கழுவி அடுக்கிய வாளிகள். அறுத்து வைத்த பரல். மகளின் வாயை அடைத்த சொதி. நான் ஒரு மாடு.

வந்த கோபம் எழுத்தில் அடங்காது. வெள்ளியிலிருந்து என் கோபத்தை முழுவதும் வேறு ஒருவன் தலையில் இறக்கியிருக்கிறேன். அதைத் தூக்கி உரிய ஆளின் தலையில் வைக்கலாம் என்றால், அந்த ஆள்தான் அடுப்படியில் நிற்கிறாள். சாப்பாடு வேண்டாம் என்று கத்தினேன். புளியாணம் வாசம் வந்தது. சாப்பிட்டேன். கதைக்காமல் சாப்பிட்டேன், அது ஒன்று.

யூலை 10, வியாழன்

மருதமுனைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்தேன். ஹெல்மட்டுக்குள் நன்றாகத்தான் வந்தது.

ம.ம.வின் உம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டா. "வாங்க, வாங்க. எனக்குச் சுகமில்லையாம். நோய் விசாரிக்க வந்தீங்களாக்கும்?"

அவர் உள்ளேயிருந்து வந்தார். ஹெல்மட்டைக் கழற்றியதும் சொல்லிப் பார்த்ததெல்லாம் அதோடு கழன்றுவிட்டது.

"தேசிக்குக் கிடுகு கட்டணும்" என்றேன். "மத்தப் பக்கம் புடிக்க ஆளில்ல."

அவர் முதலில் கேட்டது: "யூரியா?"

"கழுவியாச்சு."

"வாறன் மாமா."

வரும் வழியில் கேட்டேன், முகத்தைப் பார்க்காமல் கேட்க மோட்டார் சைக்கிள் நல்லது: "ஏன் சொல்லாம விட்ட நீங்க?"

"மாமி சொல்ல வேணாமெண்ட."

"அவக்குப் பயமா ஒங்களுக்கு?"

"நான் ஒங்களுக்கும் பயம்தான் மாமா. அவக்குக் கொஞ்சம் கூடுதலா."

பின்வீட்டு மேற்குப் பக்கம் தென்னோலைக் கிடுகை மறைப்பாகக் கட்டினோம். தேசிக்குக் காற்று படவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். மனிசியைப் பார்க்கவில்லை நான். அவள் பார்த்தாளா என்று பார்த்தேன்.

யூலை 14, திங்கள்

தேசியில் ஓர் இலையும் இல்லை. குச்சி. ரோசா கடைசியும் போய்விட்டது. செவ்வரத்தை இரண்டும் நிமிர்ந்துவிட்டன, வெட்கம் கெட்ட செடி.

விடிய, தேசித் தண்டில் நகத்தால் ஒரு கீறல். உள்ளே பச்சை. கீழே கீறினேன், பச்சை. மேல் நுனி மண்ணிறம், அது போகட்டும். ஒருவருக்கும் சொல்லவில்லை. மனிசிக்குச் சொன்னால் தன் வெற்றி என்பாள்.

செத்தால் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். சாகவில்லை. சொல் தவறாமல் போகலாம். விடிய ஈரம் பார்க்க முன்வீட்டிலிருந்து வந்து போவதும் கஷ்டம். முழங்கால்.

கட்டிலின் ஒரு தலைப்பை ம.ம. பிடித்தார், பர்ஸான். "மெல்ல மாமா, நெலையில இடிக்கும்." நிலையில் இடிக்கவில்லை. வாசல் கல்லில் கட்டில் கால் உரசி நீளமாக ஒரு கோடு. நல்லது. இருக்கட்டும்.

பின்வீட்டு வாசலில் மனிசி. "இன்னும் கோவமா?"

"ஓம்."

"அதையும் உள்ளுக்குக் கொண்டு வாங்க. எடம் இரிக்கி."

யூலை 15, செவ்வாய்

காற்று குறைவு. பரலில் விரலை விட்டேன். ஈரம். தண்ணீர் இல்லை இன்று.

தலையணையை மட்டும் முன் விறாந்தையில் வேண்டுமென்றே விட்டு வந்தேன். எனக்குக் கோபம் தீரவில்லை என்று தெரிய வேண்டுமே. ஒருவரும் கவனிக்கவில்லை. கழுத்து திரும்பவில்லை, இடது பக்கம்.