நிமிடம் தெரியாத வாட்ச்

அடையாறு,
3 ஜூலை 2024

அன்பு பீர் முஹம்மதுவுக்கு,

நலம்தானே? உன் காதுக்குப் போன் எட்டாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மகள் ஷாகிரா முதலில் படிப்பாள், அடுத்த நிமிடம் என் வீட்டுக்காரி தேவானைக்குச் சேதி போய்விடும். "அந்த வாட்சுக்கு மறுபடி வைத்தியமா?" என்று திட்டுவாள். அதனால் வழக்கம்போல வாட்ச் டப்பாவுக்குள் கடிதம்.

என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, சிவப்பு எண் ஒளிரும் பழைய வாட்ச் மக்கர் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் மணி தெரிகிறது, நிமிடம் தெரியவில்லை. ஆட்டோ அசோகனிடம் கொடுத்தனுப்புகிறேன். பார்த்துச் சரிசெய்.

என்றும் உன்,
லாரன்ஸ்


ஆழ்வார்பேட்டை,
6 ஜூலை

அன்பு லாரன்ஸுக்கு, பீரின் சலாம்.

பாட்டரி கசிந்து உள்ளே பித்தளைப் பட்டையெல்லாம் பச்சை பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து புது பாட்டரி போட்டேன். எனக்கு நிமிடம் பளிச்சென்று தெரிகிறது. நீ வெயிலில் நின்று பார்த்திருப்பாய். இந்த வாட்சுகளில் வெயிலில் எண் தெரியாது என்று எத்தனை தடவை சொல்வது? பொத்தானையும் சும்மாச் சும்மா அழுத்தாதே, அழுத்த அழுத்த பாட்டரியைத் தின்னும்.

அசோகன் கேட்கிறான், "இன்னா பாய், டப்பா போய்க்கினும் வந்துக்கினும் கீது, உள்ள இன்னா தங்கமா?"

அன்புடன்,
பீர்


அடையாறு,
9 ஜூலை

பீர்,

கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன். 10 என்று மட்டும் நிற்கிறது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட்டையே மாற்றிவிடேன்.

எதைத் தொட்டாலும் எரிச்சலாக இருக்கிறது. நேற்று சமையலறைக் கதவுநிலையில் வலது தோளை இடித்துக்கொண்டேன். "இருக்கிற ஒரு கண்ணை எங்க வெச்சிக்கினு நடக்கிறே?" என்றாள் தேவானை. காலையில் பேத்தியை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப் போனபோது வலப் பக்கம் ஒரு பஸ் உரசினாற்போல் போனது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. குழந்தை அழுதுவிட்டாள். வீட்டில் சொல்லாதே என்று சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

லாரன்ஸ்


ஆழ்வார்பேட்டை,
11 ஜூலை, காலை

லாரன்ஸு,

என்னிடம் இருக்கும் இதே மாதிரி வாட்சைப் பிரித்து, அதன் சர்க்யூட்டை உன்னுடையதில் பொருத்தினேன். ஷாகிரா பார்த்தாள், அசோகன் பார்த்தான். எல்லோருக்கும் நிமிடம் தெரிகிறது.

பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கதவுநிலை வலது தோளில், பஸ் வலப் பக்கம். வாட்சிலும் வலது பாதிதான் உனக்கு இல்லை. வாட்சைக் கட்டிக்கொண்டு அழுத நம் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று செய். வாட்சைத் தலைகீழாகப் பிடித்து அழுத்து, நிமிடம் இடப் பக்கம் வந்துவிடும். பழுது வாட்சில் என்றால் அப்போதும் நிமிடம்தான் தெரியாது. நிமிடம் தெரிந்து மணி மறைந்தால், பழுது வாட்சில் இல்லை. உடனே பதில் எழுது. அசோகனைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

பீர்


அடையாறு,
11 ஜூலை

பீர்,

தலைகீழாகப் பிடித்தேன். நிமிடம் தெரிந்தது. மணி இல்லை.

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வலது ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்குவது கொஞ்ச நாளாகவே இருக்கிறது. தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியும், இடது கண்ணில் பட்டாசு வெடித்தபோது எனக்குப் பத்து வயது. கண் போனது பட்டாசால் அல்ல, அதற்கப்புறம் செய்த ஆபரேஷனால். அந்த ஆபரேஷன் அறை விளக்கை நினைத்தால் இன்றும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் ஒன்றை அந்த மேஜையில் கொண்டுபோய் வைக்க மாட்டேன்.

நான் மணி கேட்டுக்கொண்டே இருப்பதில் தேவானைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்தால் இன்றே இழுத்துக்கொண்டு போவாள். வாட்ச் பழுது, சரியாக நாளாகும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பு, போதும். நம் சிநேகத்தின் மேல் ஆணை. அவளிடம் வாயைத் திறந்தாயானால் அதோடு நமக்குள் ஒன்றும் இல்லை.

லாரன்ஸ்


அடையாறு, உங்கள் வீட்டு வாசல்,
11 ஜூலை, மதியம்

அன்புத் தங்கை தேவானைக்கு,

பீர் அண்ணன் எழுதுகிறேன். டப்பாவை இந்த முறை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அசோகனிடம் சொல்லியிருக்கிறேன். லாரன்ஸுக்கு வலப் பக்கப் பார்வை மறைந்துகொண்டு வருகிறது. அவன் எழுதியதும் உள்ளே இருக்கிறது, படித்துக்கொள். ஷாகிரா கண் மருத்துவரிடம் போனில் விசாரித்தாள். உடனே வந்தால் கண் பிழைக்க வழியிருக்கலாம், தள்ளிப்போட்டால் தம் கையில் இல்லை என்றார். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டுமாம், சாப்பிட எதுவும் கொடுக்காதே. ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துக்கொள்.

அவன் கத்துவான். கத்தட்டும், எனக்குக் கேட்காது. இனி என்னோடு பேச மாட்டான், அதுவும் தெரியும்.

மேலே வந்து அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை அம்மா. கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. படி இறங்கும்போது நீ அவனுக்கு வலது பக்கமாக வா.

உன் அண்ணன்,
பீர் முஹம்மது