எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை

வேலந்தாவளம்
21.11.2024

சோனா அம்மிணிக்கு,

கௌசிக்கின் அப்பா கருப்புசாமி எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தேன், 'அலோ' என்றதும் வைத்துவிட்டாய். அதனால்தான் கடுதாசி.

அவன் போய்ச் சேர்ந்து பத்து மாசம் ஆச்சு. மொட்டை மாடியில் டெலஸ்கோப் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே நிற்கிறது. குதிரைத்தலை நெபுலா என்று வானத்தில் ஏதோ புகைமேகமாம், அதை ஒன்பது மணி நேரம் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறான். இருபது மணி நேரம் வேண்டுமென்று அவன் நோட்டில் இருக்கிறது. மிச்சத்தை நான் எடுத்து முடிக்கோணும். நோட்டில் உள்ளபடியே செய்தும் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு விழுகிறது. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்கிறாள் அவன் அம்மா கமலாத்தாள். அவனோடு சேர்ந்து நட்சத்திரம் பார்த்தவள் நீ, உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆளில்லை.

கருப்புசாமி

பீர்மேடு
27.11.2024

மதிப்பிற்குரிய ஐயா,

கோபத்தில் வைக்கவில்லை. உங்கள் குரல் அப்படியே அவன் குரல். இனிக் கூப்பிடாதீர்கள், எழுதுங்கள்.

டெலஸ்கோப்போடு பொருத்தியிருக்கும் சின்னக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது இம்மி நகர்ந்தாலும், டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டுக்குச் சொல்லித் திருத்தும். அந்தத் திருத்தம்தான் தவறுகிறது. காற்றா, வயர் இழுக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் அந்தத் திருத்தத்தைக் காட்டும் சிவப்புக் கோடு எப்போதெல்லாம் துள்ளுகிறது என்று மணி பார்த்துக் குறித்து அனுப்புங்கள். நான் என் டெலஸ்கோப்பை விற்றுவிட்டேன்.

சோனா

வேலந்தாவளம்
4.12.2024

அம்மிணி,

காற்றும் இல்லை, வயரும் இழுக்கவில்லை. எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, சொல்லி வைத்த மாதிரி துள்ளுகிறது.

இன்னொன்றும் எழுதோணும். கல்யாணம் பேச உன் அம்மா அன்னாளும் நீயும் எங்கள் ஊட்டுக்கு வந்தபோது 'உட்காருங்க' என்றுகூட நான் சொல்லவில்லை. வேதக்காரப் பெண், எஸ்டேட்டுப் பெண் என்றே நினைத்தேன். அது என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது.

கருப்புசாமி

பீர்மேடு
10.12.2024

ஐயா,

மவுண்டுக்குள் இருக்கும் திருகு ஒரு சுற்றுச் சுற்ற எட்டு நிமிடம் ஆகும். அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது. யாராவது மூடியைத் திறந்தார்களா?

அம்மாவைப் பற்றிய பேச்சு வேண்டாம்.

சோனா

வேலந்தாவளம்
17.12.2024

அம்மிணி,

திறந்தது நான்தான். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்தேன். அவன் சாமானை மட்டும் விட மனசு வரவில்லை. வெளியே வைத்தால் அழிந்துவிடும் என்று மூடியைக் கழற்றி, உள்ளே அந்தத் திருகின் மேல் சந்தனமும் குங்குமமும் நன்றாக அப்பி வைத்தேன்.

ஐயோ, அதையும் கெடுத்தவன் நான்தானா? நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். உன் விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

கருப்புசாமி

பீர்மேடு
23.12.2024

ஐயா,

காய்ந்த சந்தனம்தான் மணல் மாதிரி இடறுகிறது. பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பிறகு துளி வெள்ளை கிரீஸ். டிராக்டர் கிரீஸ் வேண்டவே வேண்டாம். சரியாகிவிடும், அழாதீர்கள்.

சோனா

வேலந்தாவளம்
20.1.2025

அம்மிணி,

சிவப்புக் கோடு இப்போது துள்ளாமல் நேராக ஓடுகிறது. இருபது மணி நேரமும் முடிந்தது. கம்ப்யூட்டர் சென்டர் பையன்கள் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள். கமலாத்தாள் படத்தைக் கையில் வாங்கினவள் கீழே வைக்கவே இல்லை. உனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

நான் சரி என்று சொல்லியிருந்தால், அவன் எங்களுக்கு ஒளிந்து உன்னைப் பார்க்க வந்து அந்த மலை ரோட்டில் பைக்கோடு விழுந்திருக்க மாட்டான். என்னை மன்னிச்சிரு, சாமி.

கருப்புசாமி

பீர்மேடு
29.1.2025

மாமா,

ஒரே ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

படம் வந்தது. அவன் எடுத்தது எது, நீங்கள் எடுத்தது எது என்று பிரிக்க முடியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஈஸ்டர் முடிந்து எனக்குத் திருமணம். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் இந்தப் படத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உங்களை மன்னிக்க வேண்டுமென்று தினமும் ஜெபம் செய்கிறேன். இன்னும் முடியவில்லை. இனி எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள்.

டெலஸ்கோப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வருகிற ஆயுத பூஜைக்கும் பொட்டு வையுங்கள். மூடிக்கு மேலே வையுங்கள், மாமா.

சோனா