தலைகீழ் மாப்பிள்ளை

1937 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று பெரியகல்லாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கமாட்டேன் என்று அம்மா அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். முகம் தெரியாமல் எப்படி ஓம் சொல்லுவது என்று அக்கா அறைக்குள் அழுதாள்.

நான் அந்த அறை யன்னலைச் சாத்தி, பலகை ஓட்டையில் அப்பாவின் பூதக்கண்ணாடியைப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை நீட்டினேன். வளவில் நின்ற மாப்பிள்ளை தாளில் விழுந்தார்.

"தாளைத்தானே பார்க்கிறாய், சத்தியம் தப்பாது."

"என்னடா, வௌவால் மாதிரித் தொங்குறார்?"

"தலைகீழா விழுகிறதுதான் மெய்விம்பமாம். வாத்தியார் சொன்னவர்."

அந்நேரம் மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் தன் மாயவிம்பத்தைப் பார்த்து வழுக்கையைத் தடவினார். அக்கா வெடித்துச் சிரித்துவிட்டாள். அவர் யன்னல் பக்கம் திரும்பி முழித்தார். பிறகு தானும் சிரித்தார்.

பொழுதுபட அக்கா அம்மாவிடம் ஓம் சொல்லிவிட்டாள்.

"வழுக்கையெல்லோ?" என்றேன்.

"தலைகீழா நிண்டும் அந்தச் சிரிப்பு வடிவாத்தானே இருந்தது."

முன்னமே, வளவை விட்டுப் போகும்போது மாப்பிள்ளை என்னைக் கேட்டவர், "யன்னலுக்குள்ள சிரிச்சது ஆர் தம்பி?" அக்காவைக் காப்பாற்ற, நான்தான் என்றேன். எனக்குப் பொம்பிளைக் குரல் என்று நினைத்திருப்பார். கலியாணம் முடிந்தால் ஊர் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டோடுதான் இருப்பார். எத்தனை நாளைக்கு நான் அந்தக் குரலில் சிரிப்பது?