ஒரு வரியில் மட்டும் உன் பெயர்

கடல் தாண்டி இருக்கும் என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய்.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணனுக்குப் பதவி உயர்வு. ஆபீசில் அவனுக்குக் கீழே பதினோரு பேர், வீட்டில் அவன் உன் அண்ணிக்குக் கீழேதான். உன் அத்தை மகள் வக்கீல் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டாள். அந்த வாய்க்கு வேறு என்ன தொழில் பொருந்தும்? உன் தம்பி சின்னவனுக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவனுக்குக் கால் நீளமாம். எல்லோருக்கும் மேலே நீ. பவளப்பாறையைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டி, முழு உருவமாக நிறுத்துகிறாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கால் நனையாமலே அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு செத்தது என்று அளக்கிறார்கள். இதை எதிர் வீட்டு டீச்சரிடம் நான்கு தடவை சொல்லியாயிற்று. ஐந்தாவது தடவை அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஏதோ ஆகியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறீர்கள்.

துணிக் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். சட்டையை முன்பக்கம் பார்த்தால் பழுது தெரியாது. உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவ வேண்டும். நீ அனுப்பும் பவளப்பாறைகளையும் போனில் அப்படித்தான் பார்ப்பேன். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி: கடலில் இறங்கிப் படம் எடுத்தது யார், உருவம் செய்தது யார் என்று. முன்பு இரண்டிலும் உன் பெயர். மூன்று மாதமாக இரண்டாவதில் மட்டும்தான். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் சுவரில் மாட்டிய உன் பட்டத்தைத் தினமும் துடைக்கிறவளுக்கு உன் பெயரின் இங்கிலீஷ் எழுத்து தெரியாமல் போகுமா?

உன் அம்மாவைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். மேலே யார் பெயர் என்றால், வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க அத்தை, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம் என்கிறாள். உன் அப்பன் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். அதைத் தலைகீழாகப் பிடிக்காததுதான் பாக்கி.

தண்ணீரில் இறங்காமல் உன்னால் ஒரு வாரம் இருக்க முடியாது. நீயாக விட்டிருக்க மாட்டாய். யாரோ டாக்டர் இறங்காதே என்றிருக்க வேண்டும். போனில் முகம் காட்டுவதில்லை, சிக்னல் சரியில்லை என்கிறாய். அதே சிக்னலில் பவளப்பாறை மட்டும் பளிச்சென்று வருகிறது. ஒன்று கேட்டால் மூன்று தடவை என்ன பாட்டி, என்ன பாட்டி. ஆழத்தில் தண்ணீர் காதை அமுக்கும் என்று டீச்சர் சொன்னாள். எனக்குக் காது மந்தமாகி எட்டு வருஷம். காது கேட்காதவர்கள் சிரித்தே சமாளிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன வாரம் கால் வீங்கியிருக்கிறது என்றேன், நீ சிரித்தாய்.

அன்றைக்கு என் கால் எனக்கு மறந்தே போயிற்று.

வந்துவிடு என்று கூப்பிட மாட்டேன். கடலை விடு என்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல உன் அம்மா இருக்கிறாள். எனக்கு உன் படம் ஒன்று வேண்டும். போனில் அனுப்பாதே. அத்தனை படத்தை ஒட்டி ஒரு பாறையையே எழுப்புகிறவளுக்குத் தன் முகத்தை ஒட்டுவதா பெரிய காரியம்? கடையில் எடுத்து, அச்சுப் போட்டு, என் பெயருக்கு அனுப்பு. முடியை இழுத்துக் கட்டி, இரண்டு காதும் தெரிய நில். காதில் மிஷின் இருந்தால் கழற்றாதே. டப்பாவில் கிடக்கிற என்னுடையதை அன்றைக்கே நானும் மாட்டிக்கொள்கிறேன், உன் மேல் சத்தியம்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. படம் புதிதாக இருக்கட்டும். போன வருஷத்துப் படத்தை அனுப்பி ஏமாற்றாமல், சீக்கிரம் தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பாத,
உன் பாட்டி