முயலுக்குப் போட்ட ஊசி

அருமை மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா, அவள் வீட்டார் எல்லோரும் சுகம். நீயும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், மனசாட்சி எப்படி இருக்கிறது என்று பிறகு கேட்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது என்று மருந்து அட்டையைக்கூட உரக்கப் படித்து என் உயிரை வாங்குகிறார். அக்கா புது வீட்டுக்குக் குடி போய்விட்டாள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வந்துட்டேன் என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசி என் வாயை அடைத்துவிடுவாய், காகிதத்திடம் உன் ஜம்பம் பலிக்காது.

போன வருடம் உங்கள் கம்பெனி குழந்தைகளுக்காக மிருக ஆஸ்பத்திரி என்று ஒரு வீடியோ கேம் செய்தது, அதில் வருகிற நர்ஸம்மாவுக்கு உங்க குரல்தாம்மா பொருத்தம் என்று குழைந்தாய். நானும் ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, பயப்படாதே கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று நாற்பது தடவை சொல்லி அனுப்பினேன். பெட்டியின் மேல் மூன்று வயது முதல் விளையாடலாம் என்று முத்திரை இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் இருக்கிற டேப்லெட்டில் நானே ஏற்றச் சொன்னேன், என் பிள்ளை செய்தது என்று ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை பீற்றிக்கொண்டேன். வார்டில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவு சின்ன உருவம் என்பதால் பட்டாணி என்போம். சிறுநீரகக் கோளாறு, தினமும் ஊசி. விளையாட்டைக் காட்டி, நீங்கதான் உள்ள இருக்கீங்களா என்று கேட்பாள், ஆமாம் என்பேன், உடனே கையை நீட்டிவிடுவாள்.

விளையாட்டில் யானை இல்லையே என்று அவள் அழுததால் பஸ் ஓட்டுகிற அவள் மாமா, யாரோ செய்து இணையத்தில் போட்டிருந்த யானையை எடுத்து அதில் சேர்த்திருக்கிறார். யானை வந்தது, கூடவே நீங்கள் உள்ளே பூட்டி வைத்திருந்த காட்சியும் திறந்துகொண்டு வந்தது. பட்டாணி பார்த்துக்கொண்டிருக்க, நர்ஸம்மா முயலுக்கு ஊசி போடுகிறாள், முயல் ரத்தம் கக்கித் துடித்துச் சாகிறது, அவள் என் குரலில் பயப்படாதே கண்ணு என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் உங்களுக்குப் பதிவு செய்து தரவில்லை. அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போன கதையைப் போனில் சொன்னபோது சிரித்தேனே, அந்தச் சிரிப்பு அது. பெற்றவள் சிரித்ததை வெட்டி எடுத்து முயல் செத்ததற்கு ஒட்டியிருக்கிறாய்.

கேட்டதற்கு நீ சொன்ன பதில் அதைவிட அழகு. வேலை அலுப்புல பசங்க தமாஷுக்குச் செஞ்சதும்மா, அதை எடுத்தா கேம்ல மத்ததெல்லாம் நின்னுடும்னு பூட்டி வெச்சிட்டோம் என்றாய். பசங்களாம். தாடியும் தொந்தியுமாக ஏழு தடியன்கள். வயது முத்திரை கொடுக்கும் அலுவலகத்துக்குப் படிவம் நிரப்பியது நீ. ரத்தம் உண்டா, இல்லை. குழந்தை பயப்படும் காட்சி உண்டா, இல்லை. நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்து அந்த மகானுபாவர்களும் முத்திரை குத்திவிட்டார்கள், உள்ளே வேறென்ன இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது உன் கம்பெனி, நாங்கள் விற்றதில் அப்படிக் காட்சியே கிடையாது, வெளியாட்கள் திருத்தியதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அறிக்கை விடுகிறது. அந்த பஸ் டிரைவர் கொண்டுவந்தது ஒரு யானை. முயலின் ரத்தத்தையும் என் சிரிப்பையும் அவரா கொண்டுவந்தார்? காலாவதியான மருந்தை நான் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அப்படி மருந்தே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கோ சம்பள உயர்வு கொடுப்பார்கள்.

பட்டாணி நான்கு நாள் என்னைக் கிட்டே விடவில்லை. மற்ற நர்ஸுகளுக்கு அவளுடைய மெல்லிய நரம்பு சிக்காமல் குத்திக் குத்தி அவள் கை வீங்கிப்போயிற்று. ஐந்தாம் நாள் அவளே தன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள், அந்த நர்ஸம்மாவே வரட்டும், ஆனா பேச வேணாம்னு சொல்லு என்று. போனேன், பேசாமல் குத்தினேன், பேசாமல் பஞ்சை வைத்து அழுத்தினேன். அவள் கண் என் கையைப் பார்க்கவில்லை, சிரிக்கிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருட வேலையில் ஒரு குழந்தைக்கு நான் வாய் திறக்காமல் ஊசி போட்டது அன்றுதான்.

அந்தக் குரல் யாருடையது, செய்தது யார் என்று மாதக் கடைசியில் வார்டு கூட்டத்தில் நானே சொல்லப்போகிறேன். அதற்குள், காட்சி உள்ளே இருப்பது தெரிந்தேதான் இல்லை என்று எழுதினேன் என அந்த முத்திரை அலுவலகத்துக்கு உன் பெயரைப் போட்டு எழுதிவிடு. வேலை போனால் போகட்டும், நம் வீட்டில் உனக்குச் சோறும் படுக்கையும் எப்போதும் உண்டு.

எங்கிருந்தாலும் நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இரு, அம்மாவின் ஆசி உனக்கு என்றும் உண்டு. நாற்காலியில் கூனி உட்காராதே, முதுகு வலி திரும்பிவிடும். எழுதியாயிற்று என்றால் இரண்டு வரி போட்டுத் தெரிவி, போன் அதற்குப் பிறகு செய்தால் போதும். அதுவரை போனில் அளந்து அளந்துதான் பேச வரும், பெற்ற பிள்ளையிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா