மற்றவன் முறையில் நான் வளைத்த வலை

இன்று காலை கதவைத் திறந்ததும் சூடை மீன் வாடை காற்றோடு வந்தது. உடனே உன் ஞாபகம்தான், மச்சான். மீன் வாடைக்கு நினைவு வருகிறவன் நீ ஒருவன்தான், கோபிக்காதே.

யுத்தத்துக்காகத் துறைமுகத்தை ஒட்டிய நம் கரையை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டபோது, நம் சனங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறப் பார்த்தார்கள். மூதூரில் வயல் வேலைக்குப் போகலாம் என்று நானும் மூட்டை கட்டினேன். நீதான் விடவில்லை.

"போறதெண்டால் எல்லாரும் ஒண்டாப் போவம். இப்ப பிரிஞ்சால் பிறகு சேர ஏலாது" என்றாய்.

கடலில் வளைத்துப் போட்ட கரைவலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுக்க ஆள் வேண்டும். பாதிப் பேர் போய்விட்டால் வலை வெறும் நூல்தான். அப்படித்தான் எல்லோருமாகக் குச்சவெளிப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

அந்தக் கரையில் யார் எந்த நாளில் வலை வளைப்பது என்று முறை இருந்தது. நமக்கும் ஒரு முறை கேட்டு நீ நாள்தோறும் அந்த ஊர்க்காரர் வாசலுக்கு நடந்தாய். எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் காணாத நாட்கள் அவை. ஒரு காலை, நீ இல்லாத நேரம் பார்த்து, "கடலென்ன ஆருக்கும் எழுதிக் குடுத்ததோ?" என்று ஆட்களைக் கிளப்பி வலையை வளைத்துவிட்டேன். சூடை அள்ளிக்கொண்டு வந்தது. வலை கரையேறும்போது அந்த ஊரே திரண்டு நின்றது.

"ஆர் வளைக்கச் சொன்னது?" என்று அவர்களின் தலைவர் கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீ வந்தாய். "பிழை எங்கட. இவைக்கு நான்தான் பொறுப்பு. இண்டைக்கு ஆரின்ர முறையோ, மீன் முழுக்க அவைக்கு."

"ஆரெண்டு கேட்டனான்."

"நான்தான் பொறுப்பெண்டு சொன்னனான்."

மீனை நம் கையாலேயே அவர்கள் கூடைகளில் நிரப்பினோம். நம் பெண்கள் அழுதுகொண்டே உன்னை ஏசினார்கள். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மூன்றாம் நாள் அந்தத் தலைவரே தேடி வந்து, "எங்கட ஆக்கள் எல்லாரும் வளைச்ச பிறகு, கடைசி முறை உங்களுக்கு" என்றார். அந்தக் கடைசி முறையில்தான் நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரு குடும்பம்கூடப் பிரிந்து போகவில்லை.

நீ போன பிறகு, இப்போது பொறுப்பு என் தலையில். எவனாவது அவசரப்பட்டு வம்பை இழுத்து வைப்பான். யார் செய்தது என்று எல்லோரும் என்னைக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்திருக்கும். பெயரைச் சொல்லிவிட்டால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அன்று இரண்டு தரம் கேட்டும் நீ என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை, மச்சான். நானும் திருப்புவதில்லை.