நாம் பின் அடித்துக் கொடுத்த புத்தகங்கள்

நேற்று உன் அலமாரியைக் காலி செய்தோம். முடிச்சூர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுக்கப் போகிறாராம் உன் கணவர். புத்தகங்களை என்ன செய்வதென்று என்னைக் கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த காகித வாடை மூக்கில் ஏறியது. முதலில் கையில் வந்த புத்தகத்தில் நடுவே ஒரு கத்தைப் பக்கங்கள் திறக்கவில்லை. ஓரமெல்லாம் ஸ்டேப்ளர் பின், துருப்பிடித்து. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஒரே ஸ்கூலில் டீச்சர்களாக இருந்த நாம் சர்ச் ஹாலில் நடத்திய வாசிப்பு வட்டம்! இன்றைய பெண், அவளுடைய அடையாளம், மகளை வளர்ப்பது எப்படி. இதை விட்டால் உனக்கு வேறு புத்தகமே கிடையாது. "பொண்ணுங்களுக்கு ரெக்கை குடுங்க" என்பாய். கைதட்டல் பறக்கும். அந்தப் பொண்ணுங்கள் எங்கே இருந்தார்கள்? பின்கட்டில் நமக்குக் காபி கலந்துகொண்டிருந்தார்கள், என் மகளும் சேர்த்து.

அவர்களுக்கு அந்தப் புத்தகங்களை இரவல் தருவதற்கு முன் நாம் செய்த வேலையை வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். நீ பக்கம் சொல்வாய், நான் பின் அடிப்பேன். படி, வேலைக்குப் போ, பயப்படாதே: இதெல்லாம் திறந்திருக்கும். மனசுக்குப் பிடித்தவன், கை நீட்டும் புருஷன், பிரிந்து வாழ்வது: இதெல்லாம் மூடிக்கொள்ளும். "இப்பவே இதெல்லாம் எதுக்குடி? கல்யாணம் ஆனா தானா தெரிஞ்சுக்குவாங்க" என்றாய். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. பதினைந்து வயதுப் பெண் மூடிய பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள் என்று, முப்பது வருஷம் பிள்ளைகளோடு மாரடித்த இரண்டு படித்த முட்டாள்களுக்கும் தோன்றவில்லை.

நீ செத்துப்போய் மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் நாவலூருக்கு மகளைப் பார்க்கப் போனேன். அவள்தான் எப்போதும் தாம்பரம் வருவாள், தனியாக; மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை என்பாள். கேட்டில் செக்யூரிட்டி, "சார் வூட்ட வுட்டுப் போயி ஒரு வருஷம் ஆவுதேம்மா. மேடம் மட்டுந்தான் கீறாங்க. இன்னாம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அதிரசத் தூக்கோடு நின்றேன்.

மேலே போய், "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நீங்களும் ஆன்ட்டியும் பின் அடிச்ச பக்கம் எல்லாத்தையும் நெம்பி எடுத்துப் படிச்சேன்மா. படிச்சுட்டு பின்னை அதே ஓட்டையில திரும்ப சொருகி வெச்சேன். இதெல்லாம் உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவன் அடித்திருக்கிறான். ஒரு தடவை இல்லை. அடி வாங்கிய ஒரு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு என்று கேட்டாளாம். நான் அளவு சொல்லியிருக்கிறேன்.

நீ இருந்திருந்தால் உன் வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீயும் அழுதிருப்பாய். அழத் தெரிந்தவள்தான் நீ, அதை நான் மறுக்கவில்லை. இப்போது நான் யாரிடம் போய்ச் சண்டை போட? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அந்தப் பாழாய்ப்போன பயத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்தோம். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

போன ஞாயிறு ஆராதனைக்கு அவளும் வந்தாள். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள். நம் வட்டத்துப் பெண் ஒருத்தி, "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டாள்.

"அவரு..." என்று ஆரம்பித்து, மகள் என் முகத்தைப் பார்த்தாள். உண்மையை நானே சொல்லட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆபீஸ் டூர்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.